ஆளுக்கு ஒரு தோள்பை: காரைக்குடிக்கு இரண்டு நாள் வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டமாகக் கிளம்பி எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறீர்கள். இந்த ஊர்க்காரியான எனக்கு அதில் உள்ள சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பூட்டிக் கிடந்த வீடுகள் சில திறந்திருக்கின்றன. நின்றுபோகவிருந்த தறிகள் சில ஓடுகின்றன. பலகாரம் போடுகிறவர்களுக்குக் கைநிறைய வேலை இருக்கிறது. எல்லாவற்றிலும் உங்கள் வரவுக்குப் பங்குண்டு. அதனால் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். மூட்டையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு நாளுக்கு ஆளுக்கு ஒரு தோள்பை போதும்.

வேளைக்கு ஒரு உடை மாற்றாவிட்டால் படம் நன்றாக வராது என்று உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். காரைக்குடியைப் பொறுத்தவரை அது தலைகீழ். இங்கே குறைவாகக் கொண்டுவருகிறவர்தான் நன்றாக உடுத்த முடியும். ஏன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீங்கள் தங்கப்போகும் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ கோட்டையூரோ, எந்த ஊரானாலும் செட்டிநாட்டு வீடு தெருவைவிட உயரத்தில் நிற்கும். படியேறினால் திண்ணை. அதைத் தாண்டி நிலைப்படி, பிறகு முகப்பு, மறுபடி ஒரு நிலைப்படி, அதன்பின் முற்றத்தோடு கூடிய வளவு. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு இதற்குள் போக வழியில்லை, தூக்கித்தான் ஆகவேண்டும். மாடியில் அறை கொடுத்திருந்தால் ஏணி போல நிற்கும் குறுகலான படிக்கட்டு வேறு. பல வீடுகளில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருபத்தைந்து வயதுக்காரரின் பெட்டியைச் சுமந்து மூச்சு வாங்கப் படியேறுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. உங்களுக்கும் கேட்காது.

அடுத்தது தரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் படம் எடுப்பதில் பாதி அந்தத் தரைதான்.

அதில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டு எடுத்த ஓடு இல்லை. ஆத்தங்குடியில் பட்டறைகளுக்குப் போனால் கல் உருவாவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். கண்ணாடித் தகடு ஒன்றைத் துடைத்து வைத்து, மேலே இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குள் பூவும் கொடியுமாகத் தடுப்பு வைத்த அச்சு இறங்குகிறது. சிமெண்டில் கரைத்த சாயத்தைச் சின்னக் கரண்டியால் மொண்டு, சிவப்பை இந்தத் தடுப்பில், மஞ்சளை அடுத்ததில், பச்சையை மூலையில் என்று ஊற்றிக்கொண்டே போகிறார்கள். பிறகு அச்சை நேர் மேலாக எடுக்க வேண்டும். அந்த நொடியில் கை கொஞ்சம் ஆடினாலும் இதழ் கலைந்துவிடும். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூள், அதற்கு மேல் ஈரக் கலவை, கடைசியில் கொத்துக்கரண்டியால் ஒரு சீரான இழுப்பு. அவ்வளவுதான். நெருப்பு கிடையாது. ஒருநாள் காயவிட்டு, பல நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி பிரிந்து வரும். அந்தக் கண்ணாடியின் வழவழப்பைத்தான் கல் எடுத்துக்கொண்டிருக்கும்.

நிறமெல்லாம் மேலே படிந்திருக்கும் ஒரு மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. வெறுங்கால் பட்டுப் பட்டு, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து, வருஷம் ஆக ஆக மெருகு ஏறும். பெட்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் ஜல்லித்துகள் அதன்மேல் உருண்டால் கீறல் விழும், விழுந்தது போகாது. கல்லைப் பெயர்த்துப் புதிது வைக்கலாம். ஆனால் ஒரு தலைமுறை நடந்து மெருகேறிய கல்லுக்கு நடுவே புதுக்கல் ஒட்டுப்போட்ட மாதிரித் தனியாகத் தெரியும்.

பெட்டியைக் குறைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. நீங்கள் அண்ணாந்து பார்க்கும் வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்து சேர்த்தது. சேர்க்கப் போனவர்கள் கையில் கொண்டுபோனது மிகக் கொஞ்சம். மீசை அரும்பாத வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவார்கள். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலைப் பற்றி எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். மேல்தளப் பயணிக்குக் கிடைப்பது பாய் விரிக்கிற இடம்தான். போய்ச் சேர்ந்தால் மூன்று வருஷக் கணக்கை முடித்துவிட்டுத்தான் திரும்புவது வழக்கம். இரண்டு நாளுக்கு நாம் கட்டுகிற மூட்டையை அந்த மூன்று வருஷத்தோடு வைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் அவர்கள் இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீளமான ஒரு கூடம், அதில் வரிசையாக ஆளுக்கு ஓர் இடம். அந்த இடத்தில் தரையோடு ஒரு சாய்வுப்பெட்டி, பக்கத்தில் ஓர் அலமாரி, ஒரு பாய். பகலில் அதுதான் கடை, ராத்திரி அதே இடம்தான் படுக்கை. சாப்பாடு பொதுச் சமையல். பேரேடும் பத்திரமும் பெட்டிக்குள், உடுப்பு அலமாரிக்குள். உடுப்பு என்றால் வெள்ளை வேட்டி, துண்டு. பெரிய வியாபாரிகளுக்கெல்லாம் கடன் கொடுத்த மனிதர்கள் அதே வெள்ளையில்தான் தெருவில் நடந்தார்கள், தூரத்தில் பார்த்தாலே யாரென்று தெரிந்தது. தன் உடை எது என்பதில் ஒருவருக்குத் தீர்மானம் இருந்தால் அவருக்குப் பெரிய பெட்டி தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். அந்தத் தீர்மானம் இல்லாதபோதுதான் எதற்கும் இருக்கட்டும் என்று நாலு உடையை எடுத்துப் பைக்குள் திணிக்கிறோம்.

ரயிலில் படிக்க ஒரு புத்தகம் எடுத்துவைப்பீர்கள் என்றால், சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துவையுங்கள். 1938இல் மெடான் போய் வேலை பார்த்தவர் அவர். நாவல் 1972இல் புத்தகமாக வந்தது. கடல்கடந்த அந்தக் கடைகளும் அங்கே காலம் கழித்த இந்தப் பக்கத்து ஆட்களும் அதில் இருக்கிறார்கள். பையில் அதன் கனம் வீண்போகாது.

அதே மனிதர்கள்தானே வீடுகளைப் பொருளால் நிறைத்தார்கள் என்று கேட்டால், ஆமாம், நிறைத்தார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பி வைத்தால் பார்த்து முடிக்க நேரமாகும். பித்தளை, வெண்கலம், எனாமல், பாய், கொட்டான், மரச்சாமான் என்று எல்லாம் எண்ணி, எழுதி, அறையில் அடுக்கப்படும். ஆனால் வீட்டுக்குச் சேர்ப்பது வேறு, வழிக்கு எடுப்பது வேறு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. ரயிலில் படுக்கை வகுப்புப் பயணிக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோ. இரண்டு நாள் காரைக்குடிக்கு அந்த 7 கிலோவே தாராளம், அதிலும் பாதியைக் காலியாக விட்டுக்கொண்டு வரலாம்.

இனி உடை.

செட்டிநாட்டு வீட்டுக்குள் எதைப் போட்டுக்கொண்டு நின்றால் எடுப்பாக இருக்கும் என்று கேட்டால், பூவேலை இல்லாத ஒற்றை நிறம் என்பேன். காலடியில் பூக்கல், தலைக்கு மேல் வண்ணம் தீட்டிய கூரை, நிலைக்கு மேலே லட்சுமியும் யானையும் யாளியும், ஜன்னலில் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி. இத்தனைக்கும் நடுவே பெரிய பெரிய பூப்போட்ட உடையில் போய் நின்றால் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வெள்ளை, சந்தனம், செங்கல் சிவப்பு, கருநீலம் என்று ஒரே நிறத்தில் நின்றால் வீடு பின்னால் போய் முகம் முன்னால் வரும். இதைப் புரிந்துகொண்டாலே பையில் பாதி இறங்கிவிடும். ஒரே நிறத்துத் துணிகளை ஒன்றோடொன்று மாற்றிப் போடலாம். இரண்டு குர்த்தா, ஒரு கால்சட்டை, ஒரு துப்பட்டா இருந்தால் இரண்டு நாளும் வெவ்வேறாகத் தெரியும்.

தங்கைகளே, சேலை கட்ட ஆசை இருந்தால் சேலை எடுத்து வராதீர்கள். ஒரு கறுப்பு ரவிக்கையும் ஓர் உள்பாவாடையும் மட்டும் எடுத்து வாருங்கள், சேலையை இங்கே வாங்கிக் கட்டலாம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு, இவைதான் அதன் பழைய நிறங்கள். கட்டமோ கோடோ உடம்பில் ஓடும், கரை அகலமாக இருக்கும். இந்த நிறங்கள் எதற்கும் கறுப்பு ரவிக்கை ஒத்துப்போகும், அதனால்தான் அதைச் சொன்னேன். அந்தக் காலத்து ஆச்சிகள் பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டினார்கள். வளவுக்கும் அடுப்படிக்கும் நாளெல்லாம் நடந்து, ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டி வேலை பார்க்க அதுதான் தோது. நீங்களும் தரையில் இழுபடாமல் கொஞ்சம் உயர்த்தியே கட்டிப் பாருங்கள். கண்டாங்கிக்கு அந்தக் கட்டுதான் அழகு.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். கட்டம் போட்ட விசைத்தறிச் சேலையும் கண்டாங்கி என்ற பெயரில் விற்கிறது. கைத்தறிச் சேலையைக் கையில் எடுத்தால் நூலின் கனம் தெரியும். ஓரத்தைத் தடவிப் பார்த்தால், தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடித்த ஊசியின் துளைகள் பொடிப்பொடியாக இருக்கும். முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கலாம். வீட்டுக்குப் போனதும் உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், மற்ற துணியோடு போட்டுவிடாதீர்கள்.

தம்பிகளுக்கு என் முதல் யோசனை வேட்டி. மடித்தால் ஒரு புத்தகம் அளவு இடம். கோயிலுக்கு அதுவே உடை, வளவில் உட்கார்ந்து இலையில் சாப்பிடும்போதும் அதுவே வசதி, மார்கழிப் பனியில் விடியற்காலை குளிர்ந்தால் இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் அதுவே. கட்டிப் பழக்கமில்லை என்றால் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. கூட இரண்டு பருத்திச் சட்டை. ஒன்று வெளிர் நிறம், காலையில் வெளியே சுற்ற. இன்னொன்று கருநிறம், மத்தியானச் சாப்பாட்டுக்கு. எங்கள் குழம்பில் மிளகாயும் எண்ணெயும் தாராளம், வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தச் சட்டைக்கு அன்றோடு விடுமுறை.

கஞ்சி போட்ட துணியைப் பைக்குள் வைக்காதீர்கள். மடிந்த இடத்தில் முறிந்த கோடு விழுந்து நிற்கும். கஞ்சி போடாத கைத்தறியைச் சுருட்டி வையுங்கள். எடுத்து உதறி, ஒரு மணி நேரம் கொடியில் போட்டால் போதும். மிச்சம் இருக்கிற லேசான சுருக்கம் பருத்தியின் சுபாவம், எனக்கு அது பிடிக்கும்.

காலுக்கு ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, மாட்டிக் கழற்றச் சுலபமாக. கயிறு கட்டும் ஷூவை விட்டுவிட்டு வாருங்கள். வீட்டு வாசல், கோயில் வாசல், தறிக்கூடம் என்று இங்கே நாள் முழுக்கக் கழற்றி மாட்டும் வேலைதான். பிள்ளையார்பட்டி குடைவரைக்கும் குன்றக்குடி மலைக்கும் போகாமல் இருக்கமாட்டீர்கள். இரண்டிலும் வெறுங்கால்தான், குன்றக்குடியில் படியும் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கல்லில் கால் வைக்க முடியாது. காலையிலேயே போய்விடுங்கள், இல்லை பொழுது சாயட்டும். அரைக்கால்சட்டை, கையில்லாத சட்டை இவை கோயிலுக்கு ஆகாது. இதற்கென்று தனியாக ஒன்றும் எடுக்க வேண்டாம், மேலே சொன்ன உடைகளே போதும்.

மற்றவை சில்லறை. தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். காயாது, ஈரத்தோடு மடித்தால் பையே நாறிவிடும். ஈரிழைத் துண்டு எடுங்கள், ஜன்னல் கம்பியில் போட்டால் இட்லி சாப்பிட்டு வருவதற்குள் காய்ந்திருக்கும். தண்ணீர் பாட்டில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் குடை, சித்திரை, வைகாசியிலும் அதே குடை வெயிலுக்கு. நகையில் ஒரு ஜிமிக்கி. சோப்பு, சீப்பு, போர்வை எல்லாம் தங்கும் இடத்தில் உண்டா என்று அறை பேசும்போதே கேட்டுவிட்டால் முடிந்தது.

பையில் பாதியைக் காலியாக விடச் சொன்னேன் அல்லவா, அது திரும்பும்போது தேவைப்படும். மஞ்சப்பை ஒன்றையும் மடித்து உள்ளே வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறார்கள், 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. எங்கள் கடைத்தெருவில் மஞ்சப்பையோடு நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. சீடை, தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டை, இவை நாலு நாளானாலும் கெடாது. பால் பணியாரமும் கந்தரப்பமும் கட்டிக்கொண்டு போகிற பண்டம் இல்லை, இங்கேயே சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

பலகாரத்தை வைக்க ஒரு கொட்டான் வாங்குங்கள். பனையோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, கையால் முடைந்தது. ஒரு காலத்தில் சீர்ப்பலகாரம் இதில்தான் போகும். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின் முடைகிற கைகள் குறைந்துபோயின. விசாலாட்சி ராமசாமி ஆச்சி முன்நின்று, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தார். கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கையில் தூக்கினால் கனமே தெரியாது, ஊருக்குப் போனபின் சாவியோ வளையலோ போட்டு வைக்கலாம். தண்ணீர் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும் போவீர்கள். பழைய சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஓர் எனாமல் தட்டு, ஒரு பித்தளைக் கூஜா, தாராளமாக வாங்குங்கள். கதவு, நிலை, தூண் பக்கம் மட்டும் கை நீட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவற்றில் பல, பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாமலோ பராமரிக்க முடியாமலோ இடிபட்ட வீட்டிலிருந்து வந்தவை. கேட்கிறவர் பெருகினால் அடுத்த வீடு இடிவதற்கு அதுவே ஒரு காரணமாகும். இந்த ஊர்கள் 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும், தூண் அது நிற்கிற வீட்டிலேயே நின்றால்தான் அடுத்த முறை வரும்போது உங்களுக்கும் பார்க்க ஏதாவது மிஞ்சும். ஆத்தங்குடிக் கல் பிடித்திருந்தால் பட்டறையில் புதிதாகச் சொல்லி, பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கல்லே கையில் கனக்கும், பையில் வைக்கிற பொருள் இல்லை.

பல்லவன் ரயிலில் திரும்புகிறவர்கள் முந்தின ராத்திரியே பையைக் கட்டிவிட வேண்டும். வண்டி விடியற்காலையில் கிளம்பிவிடும், இருட்டில் எழுந்து தேடினால் ஜிமிக்கியில் ஒன்று இங்கேயே தங்கிவிடும். எனாமல் தட்டைக் கண்டாங்கிக்குள் சுற்றி அடியில் வையுங்கள். உடுத்திய துணி ஒரு பக்கம், முறுக்கு மேலே. கொட்டானைப் பைக்குள் அமுக்காமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் ராத்திரிப் பேச்சு வளவு முழுக்கக் கேட்கும், பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை நினைத்துக்கொண்டு மெதுவாகக் கட்டுங்கள். பொங்கல் விடுமுறைக்கு வருவதாக இருந்தால் ரயிலுக்கும் அறைக்கும் இப்போதே சொல்லிவையுங்கள், அந்த வாரம் ஊர் நிறைந்துவிடும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் அக்கா